நாலு மணி பஸ்ஸில் போன இறுதிப் போட்டி

சங்கரசுப்பு அண்ணாச்சியைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடமாவது கேட்டால், "ஆரு, பொய்ச்சேதி சங்கரசுப்பா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மனுஷர் செத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அந்தப் பேர் மட்டும் இன்னும் சாகவில்லை. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் துரைப்பாண்டி, சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் ஏஜெண்டு. விடிகாலையில் வந்து இறங்கும் பேப்பர் கட்டை இந்த ஊரில் முதலில் பிரிக்கிறவன். எது பொய், எது மெய் என்று என்னிடமே வந்து சட்டம் பேசுகிறவர்கள் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இதைக் கேட்கட்டும்.

அண்ணாச்சிக்குச் சோறு போட்டது வத்தல் மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. அப்பா காலத்து வயல் கொஞ்சம் இருந்தது, அதைத் தம்பிமார் பார்த்துக்கொண்டார்கள். சின்ன வயசில் அவரைப் பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார்கள். படித்தார் என்பதைவிடப் பந்து அடித்தார் என்று சொல்வதுதான் சரி. கால்பந்தில் இடது ஓரத்தில் ஓடுகிற ஆட்டக்காரர். ஒரு ஆட்டத்தில் முழங்கால் திருகிக்கொண்டது, பிறகு நேராகவே இல்லை. படிப்பும் பாதியில் நின்றது. திரும்பி வந்து மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். மனசு மட்டும் கடைசிவரைக்கும் அங்கே உட்காரவில்லை.

மண்டி வேலையோடு ஒரு தினசரிக்கு ஊர் நிருபராகவும் இருந்தார். அவர் அனுப்பும் கவரைப் பிரித்தால் வத்தல் நெடியில் தும்மல் வருகிறது என்று திருநெல்வேலி ஆபீசில் கேலி செய்வார்களாம். "தும்மிக்கிட்டாவது போடுதாம்லா, அது போதும்" என்று இவர் சிரிப்பார். யூனியன் கூட்டம், கரிவலம்வந்தநல்லூர் ரோட்டில் வண்டி குடைசாய்ந்தது, சிவகிரித் தோப்பில் யானை இறங்கியது, இத்தனைக்கும் கீழே ஒரு மூலையில் கால்பந்து பற்றி நாலு வரி இருக்கும். ஆட்டமே இல்லாத வாரத்திலும் 'சங்கரன்கோவில் அணியினர் தீவிரப் பயிற்சி' என்று போட்டுவிடுவார். காற்று இறங்கிப்போன ஒரு பந்தை நாலு பயல்கள் உதைத்துக்கொண்டிருந்ததற்குத்தான் அந்தப் பேர்.

எழுபத்தொன்றில் கால்பந்துச் சங்கம் ஆரம்பித்தோம். அரிசி மில் முதலாளி ஒருவர் தலைவர், அண்ணாச்சி செயலாளர், நான் துணைச் செயலாளர். துணைச் செயலாளர் என்றால் சுண்ணாம்பில் கோடு போடுகிறவன் என்று அர்த்தம். மைதானம் என்று தனியாக ஒன்று எங்களுக்குக் கிடையாது. குளம் வற்றினால் அதுதான் மைதானம். ஐப்பசியில் தண்ணீர் வந்தால் சங்கத்துக்கு லீவு. பங்குனியில் தரை காய்ந்ததும் வெடிப்புகளில் மண் அள்ளிப் போட்டு, கம்பம் ஊன்றி, மறுபடி தொடங்குவோம். அப்போது எங்கள் ஊரில் கபடி என்றால் கூட்டம் கூடும், வாலிபால் என்றாலும் கூடும். கால்பந்து என்றால், "கோட்டி பிடிச்சவனுவ, ஒத்தப் பந்துக்கு இத்தனை பேரு ஓடுதானுவ" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பத்திக்கொண்டு போவார்கள்.

இந்தச் சங்கத்துக்கு மாவட்ட மேல்சங்கத்தின் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் உயிர் மூச்சு. அங்கீகாரம் இல்லாத சங்கத்துப் பையன் எத்தனை கோல் போட்டாலும் அது தெருவில் ஆடியதற்குச் சமம். சான்றிதழ் செல்லாது, மாவட்ட அணிக்குக் கூப்பிட மாட்டார்கள், போலீசுக்கு ஆள் எடுக்கும்போது அதைக் காட்ட முடியாது. அங்கீகாரம் வேண்டுமென்றால் வெளியூர் அணிகளைக் கூப்பிட்டு ஒரு போட்டியை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காக நடத்தி முடித்துக் காட்ட வேண்டும். இரண்டு தடவை நடத்தினோம். ஒரு தடவை அடிதடியில் நின்றது. இன்னொரு தடவை வெளியூர் அணி பாதியில் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. 'ஆட்டத்தை முடிக்கத் தெரியாத ஊர்' என்று மேல்சங்கத்தில் எங்களுக்குப் பேராகிவிட்டது.

அப்போதுதான் சிவனாண்டி வந்தான். குருவிகுளம் பக்கம், மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் போடுகிற காட்டூர்க்காரன். அப்பன் இல்லை. அம்மா பேச்சித்தாய்க்கு இவன் ஒரே பிள்ளை, வீட்டில் கொஞ்சம் ஆடு. அவன் காலில் பந்து கிடந்தால் எடுக்க ஆள் கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், கோல்கீப்பர் வெள்ளத்துரை நல்ல திடமான பயல், அவனே சிவனாண்டி வருவதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வான். சிவனாண்டி முதல் நாள் ஆடியதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே துரை, இவனை மட்டும் ஒரு கரை சேத்துட்டம்னா போதும்லே" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பேச்சித்தாய் ஒருநாள் மண்டிக்கே வந்து சண்டை போட்டாள். "ஆடு மேய்க்கவும் வரமாட்டேங்கான், கூலிக்கும் போமாட்டேங்கான். பந்து பந்துன்னு இங்கன வந்து கெடக்கான். என் மவன் சோத்துக்கு நீங்களாய்யா வழி சொல்லுவீக?" என்று கேட்டாள். மண்டியில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அண்ணாச்சி எழுந்து நின்று, "எம்மா, சங்கத்துக்கு அங்கீகாரம் வந்துட்டா அவனுக்குப் போலீஸ் வேலை நிச்சயம். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். எழுபத்தெட்டில் சிவனாண்டியின் வயசு போலீஸ் வேலைக்கான வரம்பைத் தொட்டுவிட்டது. அந்த வருஷம் அங்கீகாரம் வராவிட்டால் பிறகு வந்தும் அவனுக்குப் பிரயோஜனம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது தெரியாமல்தான் ஊர் பேசுகிறது. எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலி ஆபீசுக்குச் சேதி போவது நாலு மணி பஸ்ஸில். கவரைக் கண்டக்டர் கையில் கொடுத்தால், அங்கே ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்கொள்வான். அடுத்த பஸ்ஸில் அனுப்பினால், அதற்குள் வெளியூர்ச் சேதிப் பக்கத்தை முடித்துவிடுவார்கள், சேதி ஒருநாள் பிந்திப்போகும். அதனால் சாயந்தரம் நடக்கிற எதையும் மத்தியானமே எழுதிவிடுவதுதான் நிருபர்கள் வழக்கம். ஆடித்தபசு அன்றைக்கு அம்மனுக்குச் சாமி காட்சி கொடுப்பது சாயந்தரம். 'பக்தர்கள் பரவசத்துடன் தரிசித்தனர்' என்று அண்ணாச்சி எழுதின கவர் அதற்கு முன்னாலேயே பஸ் ஏறிவிடும். ஒரு வருஷமாவது தப்பியது உண்டா? சாமி வராமல் போனது உண்டா? மந்திரி கூட்டமும் அப்படித்தான், பள்ளி ஆண்டுவிழாவும் அப்படித்தான். படித்தவர்கள் எல்லாம் மறுநாள் காலையில் அதை என் கடையில் நின்று வாசித்துவிட்டு, "பரவால்லியே, சுடச்சுடப் போட்டிருக்கான்" என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம் வைகாசியில் போட்டி வைத்தோம். ஒவ்வொரு ஆட்டமும் முடிகிறவரை அண்ணாச்சி நாயாய் அலைந்தார். சண்டைக்காரப் பயல்களின் கையைக் காலைப் பிடித்தார். இறுதிப் போட்டிக்கு எங்கள் அணியும் ராஜபாளையம் பக்கத்து அணி ஒன்றும் வந்து நின்றன. அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலையில் மேல்சங்கத்துக் கமிட்டி கூடுகிறது, வருஷத்துக்கு ஒரு தரம் கூடுகிற கமிட்டி. அவர்கள் அனுப்பின ரெப்ரியின் ரிப்போர்ட் தபாலில் போய்ச் சேர நாளாகும். ஆனால் காலையில் காப்பி குடிக்கும்போது எல்லார் கையிலும் பேப்பர் இருக்கும்.

மத்தியானம் மண்டியில் உட்கார்ந்து அவர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'போட்டி கோலாகலமாக நடந்து முடிந்தது. வெற்றி பெற்ற அணிக்கு அரிசி ஆலை அதிபர் கோப்பை வழங்கினார்' என்று போட்டிருந்தது. எந்த அணி என்று இல்லை.

"என்ன அண்ணாச்சி, ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்றேன்.

"தபசுக் காட்சி முடிஞ்ச பொறவா எழுதுதோம்?" என்றார். "செயிச்சது ஆருன்னு நாளைக்குத் தனியா அனுப்பிக்கிடலாம். நடந்து முடிஞ்சுதுங்கதுதான்லே முக்கியம். அதை அவனுவ காலையில பாத்தாகணும்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கவர் நாலு மணி பஸ்ஸில் போயிற்று.

நாலரைக்கு ஆட்டம் தொடங்கியது. நம்பமுடியாத கூட்டம், குளத்துக் கரை முழுக்கத் தலை. முதல் பாதியிலேயே சிவனாண்டி மூன்று பேரை ஏமாற்றிவிட்டு ஒரு கோல் போட்டான். யம்மாடி, அந்தச் சத்தம்! மாடு பத்திக்கொண்டு போகிறவர்கள் எல்லாம் நின்று கைதட்டினார்கள். அண்ணாச்சி கைதட்டவில்லை, துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

இரண்டாம் பாதியில் மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழை அப்படித்தான், சொல்லிக்கொண்டு வராது. காற்று சுழற்றியது, புழுதி கண்ணை மறைத்தது. இடி உருள ஆரம்பித்ததும் ரெப்ரி விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். கோட்டுப் பக்கம் வந்து, "செயலாளர் சார், போதும்னு நினைக்கிறேன். இன்னொரு நாள் வச்சுக்கிடலாமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கவர் போயிட்டே துரை" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அப்புறம் ரெப்ரியிடம் திரும்பி, "கொஞ்ச நேரம்தான சார் கெடக்கு. முடிச்சிருவோம்" என்று கையைக் கூப்பினார். அந்த மனுஷரும் நல்லவர், சரி என்று திரும்பிப் போனார்.

வெளிச்சம்தான் தெரிந்தது. சத்தம் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. கண்ணைத் திறந்தபோது ஆடினவர்கள் எல்லாரும் தரையில் கிடந்தார்கள். ஒவ்வொருவனாகக் கையை ஊன்றி எழுந்தான். சிவனாண்டி எழுந்திருக்கவில்லை. முழங்கால் போனதிலிருந்து வேகமாய்க்கூட நடக்காத அண்ணாச்சி ஓடினார், விழுந்து எழுந்து மறுபடி ஓடினார். "மக்கா, மக்கா" என்று அவன் கன்னத்தைத் தட்டினார். மழை அப்போதுதான் கொட்ட ஆரம்பித்தது.

ஒரு லாரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் ஏற்கனவே போய்விட்டது என்றார்கள். அங்கேயே போலீஸ் வந்தது. நடுவில் அண்ணாச்சி தபாலாபீசுக்கு ஓடி, அந்தச் சேதியைப் போடவேண்டாம் என்று சொல்வதற்கு டிரங்க் கால் கேட்டிருக்கிறார். மழையில் கம்பி அறுந்து லைன் கிடையாது. திரும்பி வந்து ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தேன். எல்லாக் கட்டையும் அள்ளிக் கொளுத்திவிடலாமா என்றிருந்தது. 'கோலாகலமாக நடந்து முடிந்தது. திரளான மக்கள் கண்டு களித்தனர்.' அந்தப் பிள்ளை சவக்கிடங்கில் கிடக்கிறான், பேப்பரில் மக்கள் களித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒளித்து வைக்கவா முடியும்? சைக்கிள் பையன்கள் ஏற்கனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் ஊரே வாசித்துவிட்டது. என் கடை முன்னாலேயே ஒருவன் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டிக் காறித் துப்பினான். தபசுச் சேதியை மெச்சினவனும் அவன்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன், நாலு பேர் விலக்கிவிட்டார்கள்.

ஆபீசில் அவரை நீக்கிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன், அவர்களால் வேறு என்ன செய்ய முடியும்? அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் சம்சாரம் கோமதியம்மாள்தான் வாசலுக்கு வந்தாள். "சாமிக்கு எழுதுத மாதிரி மனுசனுக்கு எழுதலாமா, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டுவிட்டு அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் அங்கீகாரம் வந்தது. ஆமாம், வந்தேவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கமிட்டியில் பேப்பரைப் பார்த்தார்களாம். 'இறுதிப் போட்டியைச் சிறப்பாக நடத்தி முடித்த தங்கள் சங்கத்தைப் பாராட்டி' என்று டைப் அடித்து, முத்திரை குத்தி, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எத்தனை வருஷம் ஏங்கின காகிதம்! அண்ணாச்சி அதை வாசித்துவிட்டு, தொடக்கூடாததைத் தொட்டவர் மாதிரி என் மடியில் போட்டார்.

"திருப்பி அனுப்பிருலே" என்றார்.

"கோட்டி பிடிச்சிருக்கா ஒமக்கு?" என்று கத்திவிட்டேன். அவரை நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "சிவனாண்டி போயிட்டான். மத்த பயலுவ இருக்கானுவள்ளா? வெள்ளத்துரைக்கு அடுத்த வருசம் வரைக்கும் வயசு இருக்கு. இதை வச்சு அவன் ஒருத்தனாவது பொழைக்கட்டுமே!"

"ஆட்டம் முடியலியேலே."

"முடிஞ்சா என்ன, முடியாட்டி என்ன? ஆரு இப்பம் கேக்கா?"

மண்டியில் வைத்தே வெகுநேரம் சண்டை போட்டோம். கடைசியில், "பேச்சித்தாய்ட்ட ஒரு வார்த்தை கேப்போம். வச்சுக்கிடச் சொன்னாள்னா வச்சுக்கிடுவோம். அவகிட்டதான வாக்குக் குடுத்தேன்" என்றார். எனக்கு அதில் ஒரு நம்பிக்கை வந்தது. பிள்ளை பேர் நிலைக்கட்டும் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

அவள் வீட்டு முன்னால் ஆட்டுக்குட்டிகளுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் "வாங்கய்யா" என்றாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்து போயிருந்தேன். அவள் தூற்றவில்லை, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி காகிதத்தை எடுத்து, "எம்மா, சங்கத்துக்கு அங்கீகாரம்..." என்று ஆரம்பித்தார். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குக் கேட்க வேறொன்று இருந்தது.

"பேப்பர்ல போட்டிருக்காம்லா, ஆட்டம் முடிஞ்சு கப்பும் குடுத்தாச்சுன்னு. பள்ளிக்கூடத்து சார்வாள் வாசிச்சுச் சொன்னாவ. அப்பம் என் மவன் செயிச்ச பொறவுதான் செத்தானாய்யா?"

அவள் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது. சத்தியமாய்ச் சொல்கிறேன், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையுமே என்று என் உயிரே துடித்தது. எத்தனையோ நடக்காததை நடந்ததாக எழுதின மனுஷர்தானே, இன்னும் ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"இல்லம்மா" என்றார் அண்ணாச்சி. "ஆட்டம் முடியல. அவன் ஒரு கோல் போட்டான், நாமதான் முன்னால நின்னோம். இடி இடிக்கையில நிறுத்தட்டுமான்னு எங்கிட்ட கேட்டாவ. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆட்டம் முடிஞ்சுதுன்னு மத்தியானமே எழுதி பஸ்ல குடுத்துவிட்டிருந்தேன். அதுக்காவ."

அவளுக்கு அது உடனே பிடிபடவில்லை. "மத்தியானமேவா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

"சாயந்தரம் நடக்கப்போறதை மத்தியானமே எழுதுத கையி, இடி விழும்னும் ஒரு வரி எழுதியிருக்கப்பிடாதாய்யா?" என்றாள். "நான் அவனை வீட்டுலயே பிடிச்சு வச்சிருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். பதில் வருமென்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள், இறுதிப் போட்டி முடியவில்லை என்று எழுதி, காகிதத்தை அதோடு சேர்த்து அண்ணாச்சி என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோய் ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். அங்கீகாரம் ரத்தாகிவிட்டது, சங்கமும் அதோடு போயிற்று. அவர் பிறகு எட்டு வருஷம் மண்டிக்குப் போய் வந்துகொண்டிருந்தார். கணக்கைத் தவிர ஒரு வரி எழுதவில்லை, என்னிடம் பேப்பர் வாங்குவதையும் விட்டுவிட்டார். வெள்ளத்துரை கொஞ்ச நாள் கழித்து என் கடைக்கு வந்து, "சரி துரை அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டான். அவன் இப்போது சிவகாசியில் லாரியில் பண்டல் ஏற்றுகிறான்.